மாற்ற முடியாத டிக்கெட்

எடை போடுகிறவனை நம்பக் கூடாது. யாரோ சொல்லிக் கேட்டுச் சொல்லவில்லை. தேவிகுளம் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் முப்பத்தி நாலு வருஷம் தேயிலைக் கொழுந்து எடை போட்டவன் நான். ஒரு பெண் முதுகில் சுமந்து வந்து தராசுக் கொக்கியில் மாட்டுவது இருபத்தி மூணு கிலோ இருக்கும். சாக்குக்கு ஒரு கிலோ, பனி ஈரத்துக்கு இரண்டு கிலோ கழித்து, இருபது என்று எழுதுவேன். பனியே இல்லாத மாசி மாசத்திலும் ஈரத்துக்குக் கழிப்பேன். கழிக்கச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். அதனால் இன்றைக்கு எவன் எந்த விலை சொன்னாலும், இதில் ஈரம் எவ்வளவு, சாக்கு எவ்வளவு என்றுதான் என் மனசு கேட்கும். படித்தது நாலாம் வகுப்பு. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள அதுவே அதிகம்.

இவ்வளவு தெரிந்தவன்தான் ஒரு விமான டிக்கெட்டில் விழுந்தேன். விழ வைத்தது யாருமில்லை, நானேதான்.

என் பெண்டாட்டி சந்தனத்துக்கு ஒரே ஒரு அக்கா. பெயர் கோமதி. கல்யாணமாகிப் பம்பாய்க்குப் போய் நாற்பத்தெட்டு வருஷம் ஆகிறது. தாராவியில் இருக்கிறாள். இரண்டு பேரும் நேரில் பார்த்துப் பதினோரு வருஷம். போன ஆவணியில் அங்கிருந்து போன் வந்தது. நெஞ்சில் மூன்று இடத்தில் அடைப்பு, அடுத்த வியாழக்கிழமை காலையில் ஆபரேஷன்.

"ஏட்டி, கத்தி வைக்கதுக்கு முந்தி உன் மொகத்த ஒரு தடவ பாக்கணும்டி," என்றாள் கோமதி. "பெறவு முழிக்கேனோ இல்லையோ."

சந்தனம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் போகணும்," என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. கட்டிய நாளிலிருந்து என்னிடம் எதையும் கேட்டு வாங்காதவள் அவள். அதனால் மறுபேச்சு இல்லை.

ரயிலில் இடமில்லை. இருந்தாலும் ஒன்றரை நாள் உட்கார அவள் முழங்கால் விடாது. என் மகன் அஜய் மூணாறில் டூரிஸ்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். "போன்லயே டிக்கெட் போட்டுருதேன்ப்பா, அஞ்சு நிமிஷ வேலை," என்றான்.

"அஞ்சு நிமிஷத்துல முடியுற எதுலயும் களவு இருக்கும்லே," என்றேன். எனக்குக் காகிதம் வேண்டும். கையில் பிடித்துப் பார்க்கிற காகிதம்.

மறுநாள் தனியாகவே தேவிகுளம் போனேன். தாலுகா ஆபீசுக்குக் கீழே ஜோபி என்று ஒருவன் கடை வைத்திருக்கிறான். கோட்டயம் பக்கத்துக்காரன். போட்டோ காப்பி, மனு எழுதுவது, ரயில் டிக்கெட், விமான டிக்கெட் எல்லாம் ஒரே மேசையில். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பான். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினான். புதன்கிழமை மத்தியானம் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து பம்பாய். ஒரே விமானம், பக்கத்தில் மூன்று கட்டம், மூன்று விலை.

"அண்ணாச்சி, மூணு தரம் உண்டு," என்றான்.

"பிளேன் மூணா?"

"பிளேன் ஒண்ணுதான்."

"அப்ப சீட்டு வேறயா? ஒண்ணு மெத்தை, ஒண்ணு பலகையா?"

"இல்ல அண்ணாச்சி. எல்லாம் ஒரே சீட்டுதன்னே."

"கூடக் குடுத்தவன் முன்னாடி போய் எறங்குவானா?"

ஜோபி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பாக்டரியிலும் ஒரே இலைதான் பல விலைக்குப் போகும். பெரிசு ஒரு விலை, குருணை ஒரு விலை, தூள் ஒரு விலை. ஆனால் அங்கே சல்லடை இருக்கிறது, கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். இவன் கம்ப்யூட்டரில் சல்லடை எங்கே இருக்கிறது?

"கேளுங்க," என்று அவன் விரலை மடக்கினான். "முதலாவது குறைஞ்ச விலை. போனாப் போச்சு, போகலன்னா பைசா போச்சு. வரி மாத்திரம் திரும்பக் கிட்டும். ரெண்டாவது, தேதி மாத்தலாம், அதுக்கு ஒரு தொகை பிடிப்பான். மூணாவது, எப்ப வேணும்னாலும் மாத்தலாம், கேன்சல் செய்தா கொஞ்சம் பிடிச்சிட்டு பாக்கி தருவான். சாப்பாடும் உண்டு."

"சாப்பாடு அவ கட்டிட்டுப் போவா. போறது உறுதி. பெறவு எதுக்கு மாத்துறதுக்குத் துட்டு? நடக்காத காரியத்துக்கு வெல வைக்கிறது நல்ல யாவாரமா இருக்கே!"

"அப்ப முதலாவது போடட்டே?"

"போடு."

"ஆதார் கொண்டு வந்தோ?"

இதைத்தான் எதிர்பார்த்தேன். கார்டைக் காட்டினால் நம்பரை எடுத்து எவனாவது கடன் வாங்குவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கார்டு வீட்டில் டிரங்குப் பெட்டியில், பூட்டுக்குள் இருந்தது. "பேரு சந்தனம். பொம்பளை. வயசு அறுபத்தாறு. எழுது," என்றேன்.

"கார்டு பார்த்து அடிச்சா தெற்று வராது, அண்ணாச்சி. இந்த டிக்கெட்டில பின்னே பேரும் மாத்தான் பற்றில்லா, மாத்த முடியாது, பைசாவும் வராது."

"பிளேன்ல ஏறப் போறது கார்டா, பொம்பளையா? எம் பொண்டாட்டி பேரு எனக்குத் தெரியாதா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டு அடித்தான். காகிதம் வந்தது. நாலாக மடித்துச் சட்டை உள்பையில் வைத்தேன். அஜய் பார்க்கக் கேட்டான். கொடுக்கவில்லை. கை மாறினால் காகிதம் கசங்கும்.

பெட்டிக்குப் பதினைந்து கிலோதான் அனுமதி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பக்கத்துக் கடையிலிருந்து கொக்கித் தராசு வாங்கி வந்து, வாசல் உத்தரத்தில் கட்டினேன். தேயிலைத் தூள், மிளகு, அக்கா ஆசைப்பட்டுக் கேட்ட மரத்தக்காளி ஒரு பை, நார்த்தங்காய் ஊறுகாய். சந்தனம் பையைத் தூக்கிக் கொக்கியில் மாட்டிவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி, இடுப்பில் கை வைத்து நின்றாள். முள் ஆடி நிற்கும் வரை நான் அதைப் பார்க்கவில்லை. அவள் நின்ற நிற்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வயசில் எடைக் கொட்டகையில் இப்படித்தான் நின்றாள்.

கோமதிக்கு எஸ்டேட்டில் நிரந்தரப் பேர் பதிவான மூன்றாம் மாசம் பம்பாய் மாப்பிள்ளை வந்துவிட்டான். பதிந்த பேரை விட்டால் திரும்பக் கிடைக்காது. எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் அந்தப் பேரில்தான். அப்போதெல்லாம் அதற்கு ஒரு வழி இருந்தது. பேருக்கு ஆள் வந்தால் போதும். அண்ணனுக்குப் பதில் தம்பி வருவான், மாமியாருக்குப் பதில் மருமகள் வருவாள். கங்காணிக்குத் தெரியும், ஆபீஸ் எழுத்தருக்கும் தெரியும். செடியில் கொழுந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்கு. அக்கா பஸ் ஏறிய மறுநாள் காலையில் அவள் கூடை, அவள் இடுப்புத் தார்ப்பாய், அவள் நம்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தங்கச்சி மலை ஏறினாள்.

நான் அப்போது புதுசாக எடைக்கு வந்தவன். எனக்கு இதெல்லாம் தெரியாது. "நாப்பத்தேழு, கோமதி!" என்று கூப்பிடுவேன். ஒருத்தியும் வர மாட்டாள். இரண்டாவது தடவை கத்தின பிறகு, வரிசையிலிருந்து ஒரு பெண் ஓடி வந்து சாக்கை மாட்டுவாள். ஒரு நாள் இல்லை, தினமும் இதே கதை. ஒரு மழை நாளில் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"காது கேக்காதா?"

"கேக்கும்."

"பெறவு ஏன் மொதத் தடவையே வரல?"

"அது எங்க அக்கா பேரு. கூப்பிட்ட ஒடனே அவ வந்துட்டாளோன்னு திரும்பிப் பாத்துருதேன்."

நான் அதற்குப் பிறகு அவள் சாக்குக்கு ஈரம் கழிக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவள் கண்டுபிடித்துவிட்டாள். மூன்றாம் நாள் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு, "எல்லாரு மேலயும் பெய்யுத பனி எம்மேல மட்டும் பெய்யலையோ?" என்றாள். பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது. பதினொரு மாசம் அவளைக் கோமதி என்று கூப்பிட்டிருக்கிறேன். தாலி கட்டிய அன்றைக்குத்தான் சந்தனம் என்று முதல் தடவை கூப்பிட்டேன். அதன் பிறகு கொட்டகையில் நம்பரை மட்டும்தான் கூப்பிட்டேன். சொந்தப் பெண்டாட்டியை மச்சினி பேரில் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

"என்ன பாக்கிய? எத்தனை கிலோ?" என்றாள் சந்தனம்.

"பதினாலே முக்கால்."

"இன்னும் கால் கிலோ வைக்கலாம்லா?"

"வேண்டாம். அவனும் ஏதாவது கழிப்பான்."

புதன்கிழமை விடிந்ததும் அஜய் ஜீப்பில் கிளம்பினோம். பள்ளிவாசல் ஊரைத் தாண்டும்போது, மலைச்சரிவில் இறங்கும் பவர்ஹவுஸ் குழாய்களுக்குப் பக்கத்து வளைவைக் காட்டி, "அக்கா போன பஸ்ஸு இந்த வளைவுல மறையுற வரைக்கும் மேல நின்னு பாத்தேன்," என்றாள். முந்தானை முடிச்சில் அக்காவுக்குக் கோயில் திருநீறு இருந்தது. அதை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நெடும்பாசேரியில் வாசலிலேயே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். காகிதத்தையும் கார்டையும் கேட்டான். காகிதத்தை நான் எடுத்தேன், கார்டைச் சந்தனம் எடுத்தாள். அவன் இதைப் பார்த்தான், அதைப் பார்த்தான், இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்தியில் என்னமோ சொல்லிக் கையை ஆட்டினான்.

அஜய் வாங்கிப் பார்த்தான். தலையில் அடித்துக்கொண்டான். "யப்பா! டிக்கெட்டுல சந்தனம்னு போட்டுருக்கு. கார்டுல அம்மா பேரு கோமதில்லா!"

நான் கார்டை வாங்கி அதிலிருந்த படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன்.

ஆமாம், அவள் காகிதத்தில் கோமதிதான். செக்ரோல் என்கிற ஆள் பதிவில் கோமதி, சம்பளத்தில் கோமதி, பி.எப்.பில் கோமதி. பேரை மாற்றினால் வேலை போகும் என்று அப்படியே விட்டோம். பிறகு ரேஷன் கார்டு அதைப் பார்த்து எழுதினார்கள், ஓட்டுக் கார்டு ரேஷன் கார்டைப் பார்த்து, ஆதார் ஓட்டுக் கார்டைப் பார்த்து. வீட்டில், லயத்தில், கோயிலில் அவள் சந்தனம். பென்சன் வாங்கப் போகிற அன்றைக்கு மட்டும் கோமதி. அதுவும் அவளே போய் வாங்குவாள். எனக்கு அந்தப் பேர் மறந்தே போயிருந்தது.

"ஐயா, இது எம் பொண்டாட்டி," என்று சிப்பாயிடம் சொன்னேன். "அக்கா பேர்ல கொழுந்து கிள்ளுனவ. எஸ்டேட்டுல யாரை வேணா கேளுங்க. பேருக்கு ஒரு ஆள் வந்தாப் போதும்யா." அவன் என் தோளுக்கு மேலே அடுத்த ஆளின் காகிதத்துக்குக் கை நீட்டினான்.

சந்தனம் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. திருநீற்று முடிச்சைப் பிடித்துக்கொண்டு, "அப்பம் நான் போவ முடியாதா?" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசலுக்குப் பக்கத்திலேயே விமானக் கம்பெனியின் டிக்கெட் ஜன்னல். உள்ளே ஒரு சின்னப் பெண். சட்டையில் யோகப்பிரியா என்று பேர் குத்தியிருந்தது. நானும் அஜயும் சண்டை போட்டுக்கொண்டு வந்ததைக் கேட்டிருக்கிறாள். "சொல்லுங்க தாத்தா, தமிழ்லயே சொல்லுங்க. நானு பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைதானுங்க," என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். எடையில் தொடங்கிச் சொன்னேன். அஜய் காலை மிதித்தும் நிறுத்தவில்லை. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"பேரு மாத்த முடியாதுங்க தாத்தா. எழுத்து ஒண்ணு ரெண்டு தப்புன்னா பாக்கலாமுங்க. இது வேற ஆளு பேருங்களே."

"வேற ஆளு இல்லம்மா. இந்தா நிக்கா."

"எனக்குப் புரியுதுங்க. மிசினுக்குப் புரியாதுங்களே."

"அப்ப அந்த டிக்கெட்டுக்கு என்ன திரும்பும்?"

தட்டிப் பார்த்தாள். "வரி மட்டும் வருமுங்க. மத்ததெல்லாம் கழிஞ்சு போச்சுங்க."

முப்பத்தி நாலு வருஷம் நான் எத்தனை பேரிடம் அந்த வார்த்தையைச் சொல்லியிருப்பேன். சாக்கைக் கழற்றிக்கொண்டு பேசாமல் போவார்கள். அந்த முகங்களெல்லாம் ஞாபகம் வந்தன.

"மேல் வெலைக்கு வாங்கியிருந்தா?"

"கேன்சல் பண்ணிக் கொஞ்சம் புடிச்சுட்டு மிச்சத்தத் திருப்பியிருப்பாங்க. வேற பேர்ல புதுசா எடுத்திருக்கலாமுங்க. பாருங்க, சீட்டு ஒண்ணுதானுங்க. கம்மி வெலையில சீட்டு மட்டும் வாங்கறீங்க. கூடக் குடுத்தா, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா தப்பிக்கற வழியையும் சேத்து வாங்கறீங்க. எங்கப்பா தோட்டத்துல தேங்கா குத்தகைக்கு விடற மாதிரிதானுங்க. மழை பேஞ்சாலும் காஞ்சாலும் இவ்வளவுன்னு பேசுனா ஒரு வெலை, காய்ப்பப் பாத்துக்கலாம்னா ஒரு வெலை."

ஜோபி சொன்னபோது புரியாதது இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய? "இதே பிளேன்ல எடம் இருக்கா?" என்றேன்.

"இருக்குதுங்க. ஆனா இன்னைக்கு வெலை ரெண்டு மடங்குக்கு மேலைங்க."

"தேதி மாத்துற டிக்கெட்டே குடு. இனி எதையும் நம்ப மாட்டேன்."

அவள் சிரித்தாள். "வேண்டாமுங்க தாத்தா. இன்னும் ரெண்டு மணி நேரத்துல ஏறப் போறாங்க. இப்ப எதுக்குங்க அது? கம்மியானதே போதுமுங்க."

கூட விற்க முடிந்தும் விற்காமல் விட்டவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். அண்டர்வேர் பையிலிருந்த பணத்தை எடுத்தேன். அஜய் போனை நீட்டினான். அவன் கையைத் தட்டிவிட்டேன். தப்பு என்னுடையது.

"பேரு சொல்லுங்க."

அஜய் வாயைத் திறந்தான். "நீ சும்மா இரு," என்றேன். எடைக் கொட்டகைக்கு வெளியே அந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டதே இல்லை. ஈர இலை வாசனையும், தகரக் கூரையில் விழும் மழையும், வரிசையில் அவள் நிற்கிற இடமும் எல்லாம் ஒன்றாக வந்தன.

"கோமதி," என்றேன்.

பக்கத்தில் நின்ற சந்தனம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. "நல்ல காலம், இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சு," என்றாள்.

புதுக் காகிதத்தோடு அவள் மட்டும் வாசலுக்குப் போனாள். எங்களை உள்ளே விட மாட்டார்களாம். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றோம். சிப்பாய் காகிதத்தைப் பார்த்து, "கோமதி?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

எனக்குத் தெரியும் அவள் யாரைத் தேடுகிறாள் என்று. சிப்பாயின் கை கார்டை நீட்டியபடியே நின்றது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பழைய கொட்டகைக் குரலில் கத்தினேன். "நாப்பத்தேழூ! கோமதீ!"

பெட்டி தள்ளிக்கொண்டு போன கூட்டமெல்லாம் என்னைப் பார்த்தது. அவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "இந்தா வாரேன்!" என்று சொல்லி உள்ளே போனாள்.

சாயங்காலம் நாங்கள் திரும்பி அடிமாலி வருவதற்குள் போன் வந்தது. பேசியது கோமதி. அசல் கோமதி. மூச்சு வாங்கியது, ஆனால் வாய் குறையவில்லை.

"ஏ மாப்ள, எம் பேர்ல உம்ம பொண்டாட்டி கொழுந்து கிள்ளுனா, ரேஷன் அரிசி வாங்குனா, பென்சனும் வாங்குதா. இன்னைக்குப் பிளேனும் ஏறிட்டா. நாளைக்குக் கத்திக்கும் அவளையே படுக்கச் சொல்லட்டுமா?"

பின்னால் சந்தனம் சிரிப்பது கேட்டது. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எது யார் சிரிப்பு என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி அக்கா முழித்துவிட்டாள் என்று சொன்னார்கள். சனிக்கிழமை நான் டிரங்குப் பெட்டியிலிருந்து சந்தனத்தின் ஆதார் நகலை எடுத்துக்கொண்டு ஜோபி கடைக்குப் போனேன். திரும்பி வர டிக்கெட் வேண்டும் என்றேன்.

"எந்த தேதி?"

"தெரியாது. அக்கா எந்திரிச்சு நடந்த பெறவு. பத்து நாளாகும், மாசமும் ஆகும்."

"தேதி இல்லாம டிக்கெட் இல்லல்லோ, அண்ணாச்சி."

"ஏதாவது ஒரு தேதியப் போடு. மாத்துற டிக்கெட்டாப் போடு."

ஜோபி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மூணாவதோ? நடக்காத காரியத்துக்கு வெலைன்னு சொன்னது?"

"சொன்னேன். போடு. அவ இருக்குற வரைக்கும் இருந்துட்டு வரட்டும்." பிறகு, "எத்தனை தடவ மாத்தலாம்?" என்றேன்.

"எத்தன தடவ வேணும்னாலும். விலை ஏறியிருந்தா அந்த வித்தியாசம் மாத்திரம் குடுக்கணும்."

"அதானே பாத்தேன். எங்கயாவது ஈரம் இருக்கும்னு தெரியும்."

கார்டு நகலை மேசையில் வைத்தேன். அவன் எடுத்துப் பார்த்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு இன்னொரு தடவை பார்த்தான். "கோமதியோ? அன்னைக்கு உங்க பொண்டாட்டி பேரு சந்தனம்னல்லே சொன்னது?"

"ஆமா, சந்தனம்."

"பின்னே இது ஆரு?"

"இவளும் எம் பொண்டாட்டிதான்," என்றேன். "டிக்கெட்டப் போடு."